அந்த 24 மணி நேரம்



நடுராத்திரியில் பக்கத்து வீட்டுப் பையனைப் போலீஸ் அழைத்துப் போனால், "ஏதாவது பண்ணியிருப்பான், நமக்கேன் வம்பு?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு.

அரசியலமைப்பின் 22ஆவது பிரிவுப்படி, கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு விதிவிலக்கு உண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. 2024 ஜூலை 1இல் புதிய சட்டங்கள் வந்த பிறகும் இவை மாறவில்லை.

ஆகவே, கதவைத் திறங்கள். "எந்த ஸ்டேஷன்? என்ன வழக்கு? எத்தனை மணிக்குக் கைது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மணியிலிருந்துதான் 24 மணி நேரக் கணக்கு.