சித்தன்னவாசலில் ஒரு மதுரை ஆசிரியர்



இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயச் சுவர்களில் விவிலியக் கதைகளைத் தீட்டி வைத்தனர். கி.பி. 600 அளவில் மார்செய் நகர ஆயர் செரெனுஸ் திருவுருவங்களை உடைத்தபோது, திருத்தந்தை முதலாம் கிரகோரியார் அவரைக் கடிந்து மடல் வரைந்தார். நூலில் படிக்க இயலாதவர் சுவரில் கண்டு அறிந்துகொள்வர் என்பது அவர் வாதம். அவ்வாதம் சித்தன்னவாசலில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள அச்சமணக் குடைவரைக்கு அறிவர் கோயில் என்று பெயர். அதன் மண்டப விதானம் முழுவதும் ஒரு தாமரைக் குளம். மீனும் புள்ளும் எருமையும் யானையும் அதில் திளைக்கின்றன. இடையே மூவர் மலர் கொய்கின்றனர். கல்லாதவர் கண்ணுக்கு அது குளம், அவ்வளவே. தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தைச் சார்ந்த நீர்நிலை அது, மலர் கொய்வோர் பவ்வியர் என்னும் விளக்கம் சமண நூல் பயின்றோரிடமிருந்தே வந்தது.

காலத்தைச் சொன்னதும் எழுத்துத்தான். 1920 அளவில் இவ்வோவியங்களை உலகறியச் செய்தவர்கள் கோபிநாதராவும் பிரெஞ்சு அறிஞர் துப்ராயும். அப்போது இவை 7ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என்றே கருதப்பட்டன. குகை முகப்பருகே பாறையில் வெட்டிய தமிழ்ச் செய்யுளோ வேறு கூறிற்று. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுத்தான் என்பது அதன் செய்தி. பழைய பூச்சின்மேல் புதிய பூச்சு இருப்பதும் பின்னர்க் கண்டறியப்பட்டது. இன்று காணும் ஓவியங்களுள் பெரும்பகுதி பாண்டியர் காலத்தது என்று ஆய்வாளர் பலர் கொள்வதற்கு அச்செய்யுளே பெருந்துணை. மதுரையிலிருந்து சென்ற அவன் மன்னனல்லன், ஆசிரியன் என்பதை இந்நகரத்துப் புலவர்கள் சற்றே செருக்குடன் நினைக்கலாம்.

பச்சிலைச் சாற்றால் தீட்டியவை என்று சுற்றுலா வழிகாட்டிகள் கூறுவதுண்டு, கேட்க இனிமைதான். வேதியியலார் சோதித்துக் கண்டவையோ சுண்ணாம்பின் வெண்மை, கரியின் கருமை, காவிக்கல்லின் செம்மையும் மஞ்சளும்.

சுவரின் கீழ்ப்பகுதியில் வண்ணம் அழிந்தது. விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலும் உள்ளவையே எஞ்சின. ஆடல் மகளிர் இருவரும் அவ்வாறு பிழைத்தவர்களே. மேலைநாட்டுத் தேவாலயங்களிலும் சுவரோவியம் எழுதிய பலர் பெயரின்றியே மறைந்தனர். இங்கே செய்யுள் அரசனைச் சொல்கிறது, ஆசிரியனைச் சொல்கிறது. தாமரைத் தண்டை வளைத்தெழுதிய கை எவருடையது என்று சொல்லவில்லை.