எந்தப் பாடசாலை?

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்ரகமுவ மாகாணம். தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் மலைச்சரிவுகள். அவற்றின் இடையிடையே சிங்களக் கிராமங்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்னும் சிறு நகரங்கள். இந்நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருடைய உள்ளத்திலே இன்று ஒரு கேள்வி எழுந்திருக்கின்றது. பிள்ளையைத் தோட்டத்துப் பாடசாலையிலே சேர்ப்பதா, அன்றி நகரத்திலே கட்டணம் பெற்று நடத்தப்படும் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்புவதா என்பதே அக்கேள்வி.

இதனை வீண் பகட்டு என்று சொல்லித் தள்ளிவிடுதல் எளிது, ஆனால் நியாயமன்று. இப்பெற்றோரின் பாட்டனாருக்கு இத்தகைய கேள்வியே எழுந்ததில்லை. அவர்கள் தெரிந்தெடுப்பதற்குப் பாடசாலைகள் இரண்டு இருக்கவில்லை. பல தோட்டங்களிலே ஒன்றுதானும் செவ்வையாக இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலே எழுத்தறிவித்தல் தோட்டத் துரைமாரின் கடமை என்று விதித்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. சட்டம் ஏட்டிலே இருந்தது. பாடசாலையோ பெரும்பாலும் ஓர் அறையாகவும், ஓராசிரியராகவும், காலையிலே சில மணி நேரமாகவும் இருந்தது. 1945 ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் மலர்ந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே நின்றுவிட்டன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கலாயிற்று. பின்னர்ச் சுவீடன் நாட்டு உதவியினாற் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் நாட்டு உதவியினாற் பத்தனையிலே சிறீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து, ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பியது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945 இலே பெற்றதனைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறை பிந்தியே பெற்றார்கள் என்பது இதனாற் புலனாகும்.

அவ்வாறு வந்த கல்வியிலும் குறைகள் உள. சப்ரகமுவத் தமிழ்ப் பாடசாலைகளுள், உயர்தர வகுப்பிலே விஞ்ஞானமும் கணிதமும் தமிழ்மொழி மூலம் கற்பிப்பவை மிகச் சிலவே. மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வரவேண்டுமென விரும்பும் பிள்ளை அற்றன், கொழும்பு, யாழ்ப்பாணம் எனத் தொலைவூர்களை நாடவேண்டியதாகின்றது. ஆங்கில ஆசிரியர் வந்து ஓராண்டிலே மாற்றலாகிப் போவதும் உண்டு. ஆகவே, சேவகம் பார்க்கும் கணக்கப்பிள்ளையும், நகரத்திலே கடை வைத்திருப்பவரும், மத்திய கிழக்கிலே வீட்டுப் பணி செய்து பணம் அனுப்பும் தாயும், தம் பிள்ளையாவது ஆங்கிலம் கற்று முன்னேறட்டும் என்று எண்ணுவதிலே வியப்பில்லை. எண்ணம் நல்லது. வழியையே ஆராய்ந்து தெரிதல் வேண்டும்.

முதலாவதாக, சர்வதேசப் பாடசாலை என்பது யாது என்று அறிதல் நன்று. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம், 5 வயதிற்கும் 14 வயதிற்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குதலைத் தடுத்தது. 1957 இலே கொழும்பிலே பிறநாட்டார் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தோன்றியிருந்தது. 1977 க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தபோது, 1982 இலே கொழும்பு சர்வதேசப் பாடசாலையும், அதன்பின் வேறு பலவும் எழுந்தன. இவை பாடசாலைகளாக அன்றிக் கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபார நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. கொழும்பிலே தோன்றிய இம்முறை பின்னர் இரத்தினபுரி போன்ற வெளியூர் நகரங்களுக்கும் பரவியது.

இதிலிருந்து பெற்றோர் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பெயர்ப்பலகையிலே காணும் 'சர்வதேச' என்னும் சொல் தரத்துக்குச் சான்றாகாது. அச்சொல்லைத் தாங்கிய பாடசாலைகளுள் மிகச் சிறந்தனவும் உள. வாடகை வீட்டிலே நாலு அறையும் கழுத்துப்பட்டியும் மாத்திரம் கொண்டனவும் உள. அரசாங்கப் பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்வையிடுவர். கம்பனியாக நடைபெறும் பாடசாலைக்கோ பெற்றோரே பரிசோதகராதல் வேண்டும். கற்பிப்போர் எத்தகைய பட்டமும் பயிற்சியும் பெற்றவர், எத்தனை ஆண்டு அங்கே தங்கினர், ஆய்வுகூடம் உண்டா, சென்ற மூன்றாண்டுகளிலே பரீட்சைக்குத் தோற்றியவர் எத்தனை பேர், சித்தியெய்தியவர் எத்தனை பேர் எனக் கேட்டறிதல் வேண்டும். பரிசளிப்பு விழாப் படங்கள் இக்கேள்விகளுக்கு விடையாகமாட்டா.

அடுத்து ஆராயவேண்டியது பாதையின் முடிவு. இப்பாடசாலைகளுட் சில இலண்டன் எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்கின்றன. வேறு சில இலங்கைப் பாடத்திட்டத்தையே ஆங்கிலத்திலே கற்பிக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வாயிலுக்குச் செல்லும் வழிகள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் தெரிவு செய்யப்படுவது, இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியைக் கொண்டாகும். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளிலே, 100 இடங்களுள் 40 அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிலே பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அப்பதினாறு மாவட்டங்களுள் இரத்தினபுரியும் ஒன்று. கேகாலை அவற்றுட் சேரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு உத்தியோகக் கதவைத் திறந்துவிட்ட கல்வியியற் கல்லூரிகளும் இவ்வுயர்தரப் பெறுபேற்றைக் கொண்டே மாணவரைச் சேர்க்கின்றன.

இலண்டன் பரீட்சைச் சான்றிதழைக் கொண்டு இவ்வாயில்களிலே நுழைதல் பொதுவாக இயலாது. அச்சான்றிதழ் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும், உள்நாட்டிலே கட்டணம் பெற்றுப் பட்டம் வழங்கும் நிறுவனங்களுக்கும் வழிகாட்டும். அங்கே செலுத்த வேண்டிய பணத்தைத் தேடக்கூடிய குடும்பத்துக்கு அது நல்ல வழியே. பதினெட்டாம் வயதிலே அப்பணம் இல்லையெனின், பிள்ளையின் கையிலே அழகிய ஆங்கிலமும் அடைத்த கதவும் எஞ்சும். ஆதலின், முதலாம் தரத்திலே சேர்க்கும் நாளிலேயே பதின்மூன்றாம் தரத்தை எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

மூன்றாவது பணக் கணக்கு. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 இலே 1000 ரூபாவாகவும், 2024 இலே 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2024 இலே அந்த 1350 ரூபா வீதம் 25 நாள் தவறாது பெயர் விழுந்திருந்தாலும் மாத வருமானம் 33,750 ரூபாவேயாயிருந்தது. ஒரு பேச்சுக்காக, பாடசாலைக் கட்டணம் மாதம் 10,000 ரூபா என்று கொள்ளலாம். அது 2024 ஆம் ஆண்டின் அவ்வீதப்படி ஏறக்குறைய ஏழரை நாட் கூலி. 13 ஆண்டுக்கு 15 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. இதுவும் ஒரே பிள்ளைக்கு. கட்டணம் ஒருபோதும் உயராது என்னும் கற்பனையிலே. அனுமதிப் பணம், வான் கூலி, சீருடை, புத்தகம் யாவும் வேறு. அரசாங்கப் பாடசாலையிலே பாடநூல் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைத்து வந்தமை இங்கே நினைக்கத்தக்கது. இலண்டன் பரீட்சைக் கட்டணமோ அந்நியச் செலாவணியோடு பிணைந்தது. 2022 ஆம் ஆண்டிலே ஓர் அமெரிக்க டொலரின் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியபோது, அந்நியப் பணத்திலே கட்டணம் செலுத்தவேண்டிய பெற்றோர் பட்ட பாடு சிறிதன்று.

பிறநாட்டிலே உழைக்கும் தாயின் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டு; பிள்ளையின் படிப்போ பதின்மூன்றாண்டு. இடைநடுவிலே பணம் நின்றுவிட்டால், எட்டாம் தரத்துப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்குத் திரும்பவேண்டி வரும். வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திலே கற்ற அப்பிள்ளைக்குத் தமிழிலே விடை எழுதத் தெரியாது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்னும் நிலை அது. எப்பாடசாலையும் நல்கும் கல்வியிலும், இடைமுறிவு விளைக்கும் கேடு பெரிது.

நான்காவது, போக்குவரவு. இவை பகற் பாடசாலைகள்; பிள்ளை நாடோறும் போய் வரவேண்டும். மலைத் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் பாதையிலே, விடியுமுன் எழுந்து வானேறும் ஐந்து வயதுப் பிள்ளையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சப்ரகமுவ மழைக்குப் பெயர்பெற்றது. 2003 மே, 2017 மே மாதங்களில் இரத்தினபுரியை வெள்ளமும் மண்சரிவும் வாட்டின. 2016 மே மாதத்திலே கேகாலை அரநாயக்கவிலே மலையே சரிந்து குடியிருப்புகளை மூடியது. மழை நாட்களிலே பிள்ளைக்கு யார் பொறுப்பு, பாதை தடைப்பட்டால் எங்கே தங்குவது என்பவற்றையும் சேர்க்கும் முன்னரே கேட்டறிதல் தகும்.

ஐந்தாவது, மொழி. சப்ரகமுவவிலே தமிழர் சிறுபான்மையினர். சிங்களம் கற்றல் அங்கே வாழ்வுக்கு இன்றியமையாதது; ஆங்கிலம் கற்றல் முன்னேற்றத்துக்கு வேண்டியது. இவ்விரண்டையும் நாடும்போது தமிழ் நழுவிப்போகாதிருத்தல் வேண்டும். நகரத்துச் சர்வதேசப் பாடசாலைகள் யாவற்றிலும் தமிழாசிரியர் இருப்பார் என எதிர்பார்த்தல் கூடாது. தமிழும் சமயமும் பாடங்களாக உள்ளனவா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எத்தரம் வரை என்று விசாரித்தல் வேண்டும். வீட்டிலே தமிழ் பேசினாற் போதும் என்பது போதாத விடை. பேசத் தெரிந்தும் எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளை, லயத்திலே இருக்கும் பாட்டிக்கு வந்த கடிதத்தை எடுத்து வாசித்துச் சொல்லவும் மாட்டாது. ஆங்கிலத்தினாலே உலகத்தோடு பேசக் கற்ற பிள்ளை, தன் வீட்டாரோடு அரைகுறையாகப் பேசுமாயின் அது பெருநட்டமாகும்.

ஆங்கிலத்துக்குச் சர்வதேசப் பாடசாலை ஒன்றே வழி என்பதும் முழு உண்மையன்று. உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலே 2001 முதலும், ஆறாம் தரத்திலிருந்து 2002 முதலும், அரசாங்கப் பாடசாலைகளிலே சில பாடங்களை ஆங்கிலத்திலே கற்க இடமளிக்கப்பட்டது. ஆசிரியர் உள்ள இடங்களிலே இவ்விருமொழிக் கல்வி நற்பயன் தந்துள்ளது. எனவே, அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலைகளுள் எதிலே இவ்வசதி உண்டு என்று தேடிப் பார்த்த பின்னரே கட்டணப் பாடசாலையின் வாயிலுக்குச் செல்லுதல் முறையாகும். கட்டணத்திலே ஒரு பங்கைச் செலவிட்டு நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் மாலை வேளையிலே பிள்ளையைப் பயிற்றுதலும் கூடும். பெலிகுலோயாவிலே 1990களின் நடுவிலே தோன்றிய சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இம்மண்ணிலேயே ஆங்கிலவழிப் பட்டக் கல்வியை அளிக்கின்றது. அதன் வாயிலும் உள்நாட்டு உயர்தரப் பரீட்சை வழியே திறக்கின்றது.

இறுதியாக, ஒரு குடும்பத்தின் தெரிவு அக்குடும்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. தோட்டத்துப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே எழுந்து, கணித ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்கத் துணிவோர் சிலர். வலயப் பணிமனைக்கு மனு எழுதத் தெரிந்தோர் சிலர். நகரத்துப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப வசதியுள்ளோர் பெரும்பாலும் அவர்களே. அவர்கள் ஒவ்வொருவராக விலகும்போது, கேட்பாரற்ற பாடசாலையிலே ஏனைய பிள்ளைகள் இருந்து படிக்கின்றனர். எழுபது ஆண்டு காத்திருந்து பெற்ற பாடசாலை, குரல் கொடுக்க ஆளின்றித் தேய்ந்துபோதல் தகுமா? பிள்ளையைப் பிறிதோரிடத்துக்கு அனுப்பும் பெற்றோரும் தோட்டத்துப் பாடசாலைக்குத் தம் குரலை நல்கலாம், நல்குதல் கடனுமாகும்.

ஆகவே, சர்வதேசப் பாடசாலை ஆகும் என்றோ ஆகாது என்றோ எல்லார்க்கும் பொதுவாக ஒரு விதி கூறல் இயலாது. முடிவிலே எந்தப் பரீட்சை, பதின்மூன்றாண்டும் பணம் தாங்குமா, கற்பிப்போர் யாவர், பாதை எத்தகையது, தமிழ் உண்டா என்னும் ஐந்து கேள்விகளுக்கும் தெளிவான விடை பெற்ற பெற்றோர், எப்பாடசாலையைத் தெரிந்தாலும் பெரும்பாலும் நன்மையே அடைவர். விடை பெறாது பெயர்ப்பலகையை நம்பிச் சேர்ப்போர், அது எம்மொழியிலே எழுதப்பட்டிருந்தாலும், பிள்ளையின் காலத்தையே பணயமாக வைக்கின்றனர். கூலியை மீண்டும் உழைத்துத் தேடலாம்; பிள்ளையின் பதின்மூன்றாண்டைத் தேடிக் கொணர்தல் எவர்க்கும் இயலாது.