பச்சைக் கொப்போடு ஓடி வந்தவர்கள்



நேற்று சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி வைத்துப் படைத்தோம். அதே ஏப்ரல் 14, தீயணைப்புத் துறைக்குத் துக்க நாள். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பல் தீப்பிடித்தது. அணைக்கப் போன வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவில்தான் இந்தத் தீத்தொண்டு வாரம். இந்த மேடையில் நான் சீருடை போடாத சிலரையும் வணங்க வேண்டும்.

பங்குனியில் ஏரி வற்றினால் உள்வாய் முழுக்கக் கோரை சருகாய் நிற்கும். அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு ஒன்று போதும். 101க்குச் சொல்லி, வண்டி வந்து, பாதையில்லாத ஏரிக்குள் குழாயை இழுப்பதற்குள் காற்று தன் வேலையை முடித்துவிடும். கரைக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போர், அதையடுத்துக் குடிசை, கட்டுத்தறியில் மாடு.

போன கோடையில் நானே பார்த்தேன். நூறு நாள் வேலை முடிந்து வந்த அம்மா ஒருவர், தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டு, வேப்பங்கொப்பை ஒடித்துக்கொண்டு இறங்கினார். எரிந்து முடிந்த கரிநிலத்தில், காற்று முதுகில் படும்படி நின்றார். பக்கத்தில் ஒரு பையன் கொப்பை ஓங்கி ஓங்கி அடித்தான். "அடிக்காதடா, பொறி பறக்கும். அமுக்கிக் கரிப்பக்கம் இழு" என்றார். அதற்குள் டிராக்டர் தம்பி ஒருவர் தீக்கு முன்னால் கலப்பையை இறக்கி நாலு சால் ஓட்டிவிட்டார். வெறும் மண்ணைக் கண்டதும் நெருப்பு நின்றது. பிறகு வந்த வீரர்கள் கட்டை கட்டையாய்ப் புரட்டி, கங்கு இல்லை என்று பார்த்த பிறகே கிளம்பினார்கள். அந்த அம்மாவின் புருவம் பொசுங்கியிருந்தது.

2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கியதில் 23 உயிர்களை இழந்தோம். அன்றும் அந்தச் சரிவில் முதலில் ஏறியவர்கள் அக்கம்பக்கத்து ஊர் ஜனங்கள். போர்வையில் தூளி கட்டிச் சுமந்து இறக்கினார்கள்.

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஏரிக்கு ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம். குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே ஏரியைக் காக்க ஆள் வைத்த ஊர், அந்த ஏரிக்குள் தீயோடு மல்லுக்கட்டுகிறவர்களை வெறுங்காலோடு விடலாமா?

மே 1 கிராம சபை வருகிறது. தீர்மானமாக வையுங்கள். ஆண்டுதோறும் மாசிக்கு முன் ஊருக்கு ஊர் ஒரு நாள் பயிற்சி. தீயணைக்க ஓடுகிறவர்களுக்குப் பூட்ஸ், கையுறை, நீளப் பிடி போட்ட மட்டை. வைக்கோல் போரைச் சுற்றிப் புல் செதுக்கிய வெற்றுத்தரை. இதற்கு ஊராட்சியில் பணமில்லை என்றால் நாம் வீட்டுக்கு வீடு வசூலிப்போம். முதல் தொகை என்னுடையது.

மூன்றாவது வரிசையில், தூணோரம் உட்கார்ந்திருக்கும் அம்மா, முந்தானையால் முகத்தை மறைக்காதீர்கள். உங்களுக்குத்தான் இந்தச் சால்வை. அந்த டிராக்டர் தம்பியையும் கூட்டிக்கொண்டு மேலே வாங்க.