வாட்ச்மேன் சொல்லும் பதிலைக் கேளுங்க

கொப்பரை மண்டி, தென்னைநார் மில், கடை என்று நம்மில் பலர் கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறோம். ஒரு நாள் காலையில் "டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை" என்று திரையில் வந்தால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை.

நம்ம கேட்டையே எடுத்துக்குங்க. கூரியர்காரர் சரியான கேட்டுக்குத்தான் வந்திருக்கிறார். ஆனால் வாட்ச்மேன் நோட்டில் இல்லாத ஒரு வீட்டின் பெயரைக் கேட்கிறார். "அப்படி வீடு இல்லீங்க" என்று பதில் வருகிறது. வீடும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். பெயர்தான் பொருந்தவில்லை.

ஆரக்கிள் டேட்டாபேஸில் அந்த வாட்ச்மேனுக்கு 'லிசனர்' என்று பெயர். வழக்கமாக 1521 என்ற போர்ட்டில் இருப்பார். வீட்டின் பெயர்தான் 'சர்வீஸ் நேம்'. பிழைச் செய்தியோடு ஓர் எண்ணும் வரும். அதைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

12541 என்றால் கேட்டில் வாட்ச்மேனே இல்லை: லிசனர் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தப்பு.

12514 என்றால் வாட்ச்மேன் இருக்கிறார். நீங்கள் கேட்ட பெயர் அவர் நோட்டில் இல்லை.

1017 என்றால் வீட்டு வாசல் வரை போயாச்சு. யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு.

ஆகவே 12514 வரும்போது பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. பதற்றத்தில் டேட்டாபேஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால், பேக்கப் இல்லாதவர்களுக்கு வருஷக் கணக்கு மொத்தமும் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீங்க.

சர்வர் இப்போதுதான் ஆன் ஆனதென்றால் ஒரு நிமிஷம் பொறுங்க. டேட்டாபேஸ் தன் பெயரை லிசனரிடம் பதிவு செய்ய அவ்வளவு நேரம் ஆகலாம். பிறகும் வரவில்லையென்றால், 'எல்எஸ்என்ஆர்சிடிஎல் சர்வீசஸ்' என்ற கட்டளை வாட்ச்மேனின் நோட்டைத் திறந்து காட்டும். அதிலுள்ள பெயரையும் உங்கள் மென்பொருளின் அமைப்பில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க. பெயருக்குப் பின்னால் டொமைன் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்க. நோட்டில் பெயரே இல்லையென்றால், டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சர்வரை மாற்றும்போதும் புதிய பதிப்புக்குப் போகும்போதும்தான் இது அதிகம் வரும். 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழக அரசு மாற்றி, சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். கோயமுத்தூரும் அதில் இருந்தது. ஒரு பெயர் மாறினால், அது எழுதப்பட்ட இடமெல்லாம் மாறியாக வேண்டும். டேட்டாபேஸுக்கும் அதே கதைதான்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க. சர்வர் பெயர், போர்ட் எண், சர்வீஸ் நேம், யூசர்நேம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்க. பாஸ்வேர்டு அதில் வேண்டாம். டெக்னீஷியனுக்குப் போன் செய்யும்போது "ஓடலை" என்று மட்டும் சொல்லாமல், அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க.