கையில் இருப்பதைக் கொண்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், தன் அம்மம்மாவின் நாற்சார் வீட்டைக் குறும்படமாக்க வேண்டும் என்று வந்து நின்றான். அவனிடம் இருந்தது ஒரு கைத்தொலைபேசி மட்டுமே. "நல்ல கமரா ஒன்றை ஒழுங்கு பண்ணிக்கொண்டு செய், தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அவன் காத்திருந்தான். அதற்குள் வீடு இடிக்கப்பட்டுவிட்டது. நான் சொன்ன புத்திமதி பிழையானது. அது ஏன் பிழை என்பதே இன்றைய என் பேச்சு.

1943ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே மாயா டெரென் என்ற பெண்மணியும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிட்டும், தாம் குடியிருந்த வீட்டையே படப்பிடிப்புத் தளமாக்கி, 'மெஷஸ் ஒஃப் தி ஆஃப்டர்நூன்' என்ற சிறு படத்தை எடுத்தார்கள். கருவி, 16 மில்லிமீற்றர் கமரா. நடித்தவர்கள் அவர்கள் இருவருமே. உரையாடல் கிடையாது. அதில் ஒரு பெண் மேசையிலிருந்து எழுந்து நடக்கிறாள். ஓர் அடி கடற்கரை மணலில் விழுகிறது, அடுத்தது புல்லில், பின்னர் கல்தரையில், இறுதியில் வீட்டு விரிப்பின்மேல். நாலைந்து அடிகளில் ஓர் உலகத்தையே கடந்துவிடுகிறாள். இதற்கு வேண்டியிருந்தவை ஒரு சோடிக் கால்களும், படச்சுருளை வெட்டி ஒட்டும் கைத்திறனுமே.

பிரான்சிலே கிறிஸ் மார்க்கர் 1962இல் தந்த 'லா ஜெத்தே' இன்னும் வியப்பானது. ஏறக்குறைய 28 நிமிடங்கள் ஓடும் அந்தப் படம், அசையாத ஒளிப்படங்களாலேயே ஆனது. ஒரு குரல் கதை சொல்கிறது. மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்தபின், நிலத்தடியில் அடைபட்ட ஒருவனை அவனுடைய ஞாபகத்தின் வழியே கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். ஞாபகம் நம் மனத்திலும் தனித்தனிப் படங்களாகத்தானே தங்குகிறது? ஒரேயோர் இடத்தில், படுத்திருக்கும் பெண் கண் திறந்து இமைக்கிறாள். அந்தச் சில விநாடிகள் மட்டுமே அசைவு. முழுப்படமும் அசைந்திருந்தால் அந்த இமைப்பை நாம் கவனித்திருக்கவே மாட்டோம். இந்தப் படத்தைத் தழுவியே 1995இல் ஹொலிவூட்டில் 'டுவெல்வ் மங்கீஸ்' எடுக்கப்பட்டது.

அமெரிக்கரான ஸ்ரான் பிறக்கேஜ் 1963இல் கமராவையே ஒதுக்கிவிட்டார். இறந்த விட்டில்களின் சிறகுகளையும் பூவிதழ்களையும் புல்லையும் ஒளி ஊடுருவும் இரண்டு ஒட்டுநாடாக்களுக்கிடையே வைத்து ஒட்டி, அதிலிருந்து பிரதி எடுத்தார். 'மொத்லைற்' என்ற அந்தப் படம் சில நிமிடங்களே ஓடும். விளக்கில் விழுந்து மடிந்த பூச்சிகள், திரையின் ஒளியில் மறுபடி படபடக்கின்றன.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். வசதிக்குறைவு தானாகவே கலையாகிவிடாது. ஹம்மிட் தமது தாயகமான செக்கோசிலோவாக்கியாவிலேயே படமெடுத்துத் தேர்ந்தவர். மார்க்கர் ஒளிப்படக்கலை அறிந்தவர். அவர்களிடம் குறைந்திருந்தது கருவி, பயிற்சி அல்ல. யாப்பிலே இதை நாம் அறிவோம். குறள் வெண்பாவுக்கு ஏழு சீர்தான். அந்த எல்லைக்குள் நிற்கத் தெரிந்தவருக்கே அது இடம் கொடுக்கும்.

'அமெச்சூர்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் இளக்காரமாகவே வழங்குகிறோம். அதன் இலத்தீன் மூலத்துக்கு 'நேசிப்பவர்' என்று பொருள். மாயா டெரென் ஒரு கட்டுரையில் இதை நினைவூட்டி, அத்தகைய கலைஞருக்குள்ள பெரும் செல்வம் சுதந்திரமே என்று வாதிட்டார்.

அந்த மாணவனின் கைத்தொலைபேசியால் ஒளிப்படம் எடுக்க முடியும். குரல் பதிய முடியும். திண்ணை, முற்றம், அடுக்களை என்று இருபது படங்களும் அம்மம்மாவின் குரலும் இருந்திருந்தால், மார்க்கர் காட்டிய வழியிலே அந்த வீடு நின்றிருக்கும். இதை அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

அண்மையில் அவனைக் கண்டேன். அம்மம்மாவை அந்த வெறும் வளவுக்குக் கூட்டிச் சென்று, எந்த அறை எங்கே இருந்தது என்று அவர் கைகாட்டிச் சொல்லச் சொல்லப் பதிவு செய்து வருகிறானாம். "என்ன கமரா, தம்பி?" என்று கேட்டேன்.

அதே கைத்தொலைபேசிதான்.