புரியாத இடத்தையும் எழுதிவையுங்கள்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

தேர்வுக்காகப் படிப்பது உங்களில் பலருக்கு இன்றோடு முடிகிறது. கடினமான நூல்களை அவற்றுக்காகவே படிக்க இனிதான் உங்களுக்கு நேரம். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதுகலை படித்த நாளில், கோட்பாட்டு நூல் எதை எடுத்தாலும் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போடுவேன். சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால், எதற்காகப் போட்டேன் என்பது ஓரிடத்திலும் நினைவுக்கு வரவில்லை. புரிந்ததற்குத்தான் கோடு போட்டிருக்கிறேன். புரியாத இடங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்படித் தாண்டிப் போகாத ஒருவரைச் சொல்கிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார் உ.வே.சாமிநாதையர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று எத்தனையோ கற்றிருந்தவர் அதைப் படித்ததில்லை. படிக்கத் தொடங்கியபோது திணறிப்போனார். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் வந்துகொண்டே இருந்தன; எந்த நூலிலிருந்து வந்தவை என்பது பல இடங்களில் இல்லை. சமண சமயச் செய்திகளும் பிடிபடவில்லை. ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேற்கோள்களின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டதே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுசேர்த்தது. சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல். ஒரு நூலுக்கு ஏழு ஆண்டு! தெரியவில்லை என்பதைத் தமக்குத் தாமே ஒத்துக்கொண்ட அந்த நேர்மைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே, குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் நூல் சொல்வதைப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் புரியாததைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு எதிராக வருவதையும் அங்கேயே குறியுங்கள். தம் முடிவுக்கு முரணான செய்தி எதைக் கண்டாலும் உடனே எழுதிவிடுவதைப் பொன்விதியாகக் கொண்டிருந்ததாகச் சொல்கிறார் சார்லஸ் டார்வின், தம் தன்வரலாற்றில். சாதகமானவற்றைவிட அவை சீக்கிரம் மறந்துவிடும் என்பது அவர் அனுபவம். என் அனுபவமும் அதுதான்.

வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் தொடக்கம்தான் மிகக் கடினம் என்று முன்னுரையிலேயே எழுதினார் மார்க்ஸ். நண்பர் குகல்மனின் மனைவி எளிதாகப் படிக்க, வேலைநாள் பற்றிய அத்தியாயம் முதலியவற்றைக் கடிதத்தில் குறித்தும் அனுப்பினார்.

இன்று வீட்டுக்குப் போனதும், இந்த ஆண்டுகளில் நீங்கள் பாதியில் மூடிவைத்த நூல் ஒன்றை எடுங்கள். எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டீர்களோ, அந்த எண்ணைப் புதிய குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.