மாட்டின் இரத்தத்தைக் கெடுக்கும் உண்ணி ஜுரங்கள்

(அரியலூர்ப் பகுதிக் குடியானவர்களுக்கான பிரசங்கம்)



வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் கறவைப் பசு திடீரெனத் தீனியை வெறுத்து, பாலைச் சுருக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். திருஷ்டியென்று சொல்லிச் சூடு போடுவாரும் உண்டு. அதை விடுத்து, அதன் கீழிமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவந்திராமல் வெளுத்திருக்குமாயின் இரத்தம் குன்றிவிட்டதென்று அறியவும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் உண்ணியே. அது குடிக்கும் இரத்தம் ஒருபுறமிருக்க, அது உள்ளே புகுத்தும் கிருமியே பேரபாயம். தைலீரியா என்னும் கிருமி தோளின் முன்புறம் நெறி கட்டச் செய்யும். பாபீசியா சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரைக் காப்பி நிறமாக்கும். இதனைப் பரப்புவது உண்ணியென்று 1893-ல் ஸ்மித், கில்பர்ன் என்னும் அமெரிக்கர் இருவர் நிரூபித்து வெளியிட்டனர்.

நாட்டு மாடுகளோ தலைமுறை தலைமுறையாய் உண்ணியோடு பழகியவை, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் இவ்வாறே. ட்ஸெட்ஸி ஈ பரப்பும் இரத்தக் கிருமியை அந்நாட்டு ந்டாமா மாடுகள் தாங்கிப் பிழைக்க, வெளியிலிருந்து சென்ற மாடுகள் மடிகின்றன. நம் ஜெர்ஸிக் கலப்பினப் பசுவின் நிலையும் இதுவே. பாலைக் கணக்கிட்டுக் கடன்பட்டு வாங்குகிறோம், உண்ணியைக் கணக்கிடுவதில்லை. பசு மாண்டாலும் தவணை நிற்பதில்லையே!

நிற்க, கிருமிக்குக் கிருமி மருந்து வேறு. தைலீரியாவுக்குப் புபார்வாகுவோன், பாபீசியாவுக்கு டைமினசின். ஊகத்தின்பேரில் ஊசி போட்டால் பணம் விரயமாவதோடு, பிழைக்கவேண்டிய நாட்களும் கழிந்துபோம். ஆகவே ஊசிக்கு முன்னரே காது நரம்பினின்று ஒரு சொட்டு இரத்தமெடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பரிசோதிக்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். மருந்து சென்றபின் கிருமி எளிதில் புலப்படாது.

தொழுவத்தையும் கவனியுங்கள். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளிடும். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். சுவரோரம் வறட்டி அடுக்கவேண்டாம். பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறியாமல் நெருப்பிலிடுங்கள். மாட்டின்மேல் தெளிக்கும் மருந்தை வைத்தியர் சொன்ன அளவிலேயே கலக்கவேண்டும். அதிகமானால் அதுவே விஷம்.

இரத்தம் குன்றிய பசுவை வெயிலில் வைத்தியசாலைக்கு நடத்திச் செல்லாதீர்கள், வழியிலேயே விழுந்துவிடும். நிழலில் கட்டித் தண்ணீர் காட்டிவிட்டு, 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்து கால்நடை மருத்துவ வண்டியை வரவழையுங்கள்.